வீட்டுக் கொல்லையில் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பு: ராமநாதபுரம் கடலோர ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய எந்த ஊரிலும், ஒரு கொல்லையோ நாலு செடி நிற்கும் முற்றமோ இருந்தால் குடிமக்கள் அறிவியலுக்கு, அதாவது பொதுமக்களே தரவு சேர்த்துத் தரும் ஆய்வுக்கு, பயன்படும் தரவை வீட்டிலிருந்தே சேர்க்கலாம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது படம் எடுப்பது. அது பின்னால் வரவேண்டிய வேலை. ஒரு நல்ல படம் 'இந்தப் பூச்சி இந்த நாளில் இங்கே இருந்தது' என்று சொல்லும், அவ்வளவுதான். போன மாதத்தைவிடக் கூடியதா, போன வருடத்தைவிடக் குறைந்ததா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல ஒரே இடம், ஒரே நேர அளவு, ஒரே முறை வேண்டும். ஒன்றுமே வராத நாளும் ஏட்டில் ஏற வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான், மாற்றிச் செய்யாதீர்கள்.

1. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், வியர்வைக் கையிலும் கடற்காற்றின் ஈரத்திலும் மை ஊறிவிடும். நேரம் பார்க்க செல்போன் போதும், ஆனால் அதில் மூன்று அமைப்புகளை முதலிலேயே சரிபாருங்கள்: கேமராவில் இடக்குறிப்பு இயக்கத்தில் இருக்கிறதா, தேதியும் நேரமும் தானாக அமையும்படி உள்ளதா, சேமிப்பிடம் காலியாக உள்ளதா. இடக்குறிப்பு இல்லாமல் எடுத்த படத்துக்கு ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து இடம் கொடுக்கும்போதுதான் பிழைகள் நுழைகின்றன.

பைனாகுலர் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. வாங்குவதானால் இரண்டு மீட்டருக்குள் நிற்பதையும் தெளிவாகக் காட்டுவதாகப் பாருங்கள். பறவை பார்க்கும் பல கருவிகளில் கிட்டத்துப் பூச்சி மங்கலாகத்தான் தெரியும்.

வலை வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. எது பட்டியலில் உள்ளது என்று தெரியாத ஒருவர் எதையும் பிடிக்காமல் இருப்பதே சரி. இந்த வேலைக்குப் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

2. எல்லையைக் குறியுங்கள்

ஒரே இடத்தில் நின்று, தலையைத் திருப்பினால் முழுதும் தெரிகிற பரப்புதான் உங்கள் கணக்கிடும் இடம். பத்துக்குப் பத்து மீட்டர் தாராளம். ஐந்துக்கு ஐந்தும் போதும். பெரிய தென்னந்தோப்பு இருக்கிறது என்பதற்காக முழுத் தோப்பையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருநாள் கிணற்றடி, இன்னொருநாள் வேலியோரம் என்று நின்றால் இரண்டு நாள் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது.

இடம் தேர்வு செய்யும்போது காற்றைப் பாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது திறந்த மணலில் எதுவும் உட்காராது. வீட்டுச் சுவரோ பனையோலைத் தட்டியோ மேற்கே மறைக்கிற மூலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வருடம் முழுதும் எண்ண முடியும்.

நிற்கும் இடத்தில் ஒரு கல் பதித்துவிடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் வடக்கு எது என்று அம்புக்குறி போட்டு, சுவர், கிணறு, மரங்கள் வரைந்து, அகலாங்கு நெட்டாங்கை நான்கு தசம இலக்கத்தில் எழுதுங்கள். நான்காவது இலக்கம் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம் தரும். முதல் தசம இலக்கத்தில் ஒரு எண் பிசகினால் 11 கிலோமீட்டர் தள்ளிப் போகும். இந்தக் கரையில் அது பெரும்பாலும் கடலுக்குள் போய் விழும்.

3. பூச்சிக்கு முன் செடியை எண்ணுங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போகும் படி இது. எண்ணிக்கை ஏன் கூடியது என்று பின்னால் கேட்கும்போது, பாதிக் கேள்விக்குப் பதில் செடிப் பட்டியலில் இருக்கும்.

எல்லைக்குள் உள்ள எல்லாச் செடி, கொடி, மரத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு குறிப்பு: பூச்சி தேன் குடிக்க வருகிறதா, முட்டையிட வருகிறதா. இரண்டும் வேறு வேறு. இட்லிப்பூவும் உன்னிச்செடியும் கூட்டத்தை இழுக்கும், ஆனால் அவற்றில் உட்காரும் வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை முட்டையிட வேறு செடியைத் தேடிப் போகும். பெண்பூச்சி எந்தச் செடியில் முட்டையிடும் என்பது இனத்துக்கு இனம் மாறும்.

இந்தக் கரையில் கவனிக்க வேண்டியவை: எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றில் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். ஆவாரையிலும் சரக்கொன்றையிலும் எமிகிரன்ட் வகைகள். ஆமணக்கில் காஸ்டர், இலந்தையில் காமன் பியரோ. ஈஸ்வரமூலிக் கொடி இருந்தால் ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் வரும். கிணற்றடியில் தானாக முளைக்கும் பருப்புக்கீரையில் டேனைட் எக்ஃபிளை.

தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு: வேலியோரச் சங்கஞ்செடியும், கடற்கரைப் பக்கம் நிற்கும் உகா மரமும். ஸ்மால் சால்மன் அராப் என்ற இளஞ்சிவப்புச் சிறகுப் பூச்சியின் புழு இவற்றைத்தான் தின்னும். வறண்ட கடலோரப் புதர்க்காட்டுப் பூச்சி அது. உள்நாட்டு ஈரத் தோட்டங்களில் எளிதில் கிடைக்காது. முள் என்று சங்கஞ்செடியை வெட்டி எறிந்துவிட்டு நர்சரியில் பூச்செடி வாங்கி வைப்பது இந்த ஊரில் தலைகீழான வேலை.

பெயர் தெரியாத களையையும் விடாதீர்கள். வெட்டுக்காயப்பூண்டு போன்ற சின்னப் பூக்கள்தான் கோடையிலும் சிறுநீலப் பூச்சிகளுக்குத் தேன் கொடுக்கின்றன.

எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. அரளியும் ஈஸ்வரமூலியும் நஞ்சு. குழந்தைகள் கூட நின்று எண்ணும் வீடு என்றால் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள்.

செடிப் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். நடுவில் புதிதாக நட்டது, வெட்டியது, மருந்து அடித்தது, தெருவில் கொசுப்புகை போட்டது எல்லாம் தேதியோடு ஏற வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலும் மருந்துதான். கறிவேப்பிலையில் அதைத் தெளித்தால் புழு சாகும். அடுத்த மாதம் அழகிகள் குறைந்ததற்கு மழையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கணக்கெடுப்பு ஓடும்போது சர்க்கரைத் தண்ணீர், அழுகிய பழம் வைக்காதீர்கள். அப்போது நீங்கள் எண்ணுவது தோட்டத்தை அல்ல, தட்டை.

4. எப்போது எண்ணுவது

வாரம் ஒருமுறை, முடிந்தால் ஒரே கிழமை. காலை 8 முதல் 11 மணிக்குள். வண்ணத்துப்பூச்சி வெயிலில் உடலைச் சூடாக்கிக்கொண்டுதான் பறக்கும், அதனால் விடியற்காலையில் நின்று பயனில்லை. உச்சி வெயிலில் மணல் கொதிக்கும்போது பலவும் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். எண்ணும் நேரம் நிலையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் கணக்கைக் கெடுக்காது.

காற்றை போஃபர்ட் அளவில், அதாவது காற்றின் வேகத்தை எண்ணால் குறிக்கும் அளவில், எழுதுங்கள். இலையும் சிறு காம்புகளும் ஓயாமல் ஆடினால் 3. மணலும் காகிதமும் கிளம்பினால் 4. சிறு மரங்களே ஆடினால் 5. அன்று எண்ண வேண்டாம். தென்னங்கீற்றைப் பார்த்துக் காற்றை மதிப்பிடாதீர்கள், அது சும்மாவே ஆடும். பூக்கள் இருக்கும் உயரத்தில் உள்ள வேம்பையோ பூவரசையோ பாருங்கள். காற்று எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எதுவானாலும் சரி.

செப்டம்பரில் நாடு முழுதும் பிக் பட்டர்ஃப்ளை மன்த் என்ற கணக்கெடுப்பு 2020 முதல் நடந்து வருகிறது. கலந்துகொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நமக்கு மழை பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. செப்டம்பரில் கொல்லை காய்ந்து கிடக்கும். மழைக்குப் பிறகு தளிர் விட்டு, அதில் முட்டையிட்டு, புழு வளர்ந்து, கூடு உடைத்து வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். ஆக, கூட்டம் கூடும் காலம் நவம்பருக்குப் பிறகு. செப்டம்பர் கணக்கை மட்டும் வைத்து 'இங்கே பூச்சியே இல்லை' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

5. பதினைந்து நிமிட எண்ணிக்கை

பதித்த கல்லில் நில்லுங்கள். தொடங்கும் நேரம், வெயில், காற்று எழுதுங்கள். செல்போனில் 15 நிமிடம் வைத்துவிட்டு அதைப் பைக்குள் போடுங்கள். இந்தப் பதினைந்து நிமிடம் படம் கிடையாது. ஒன்றைப் படம் பிடிக்க இரண்டு நிமிடம் துரத்தினால், பின்னால் போன நாலைத் தவறவிட்டிருப்பீர்கள்.

எண்ணும் விதி ஒன்றே: ஓர் இனத்தில் ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். முதல் நிமிடத்தில் ஓர் எலுமிச்சை அழகி, ஏழாவது நிமிடத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு, பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒன்று என்றால் எழுத வேண்டியது 2, 4 அல்ல. ஒரே பூச்சி வேலியைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும். கூட்டி எழுதினால் ஓர் ஆண்பூச்சி ஒரு கூட்டமாகிவிடும்.

பெயர் தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். 'எமிகிரன்ட், இனம் தெரியவில்லை', 'சிறுநீலம், இனம் தெரியவில்லை' என்று எழுதலாம். அதுவும் முழுமையான பதிவுதான். மாதிரிக்கு ஒரு வரி:

நவ. 12, காலை 8.40–8.55, வெயில், காற்று 3 வாடை. எலுமிச்சை அழகி 2, வெந்தய வரியன் 1, எமிகிரன்ட் (இ.தெ.) 3, சிறுநீலம் (இ.தெ.) 4.

15 நிமிடமும் நின்று ஒன்றும் வராவிட்டால் '0' என்று எழுதுங்கள். காற்றாலோ மழையாலோ எண்ணவே இல்லையென்றால் 'எண்ணவில்லை' என்று எழுதுங்கள். இந்த இரண்டையும் கலப்பதுதான் புதியவர்களின் ஏடுகளில் மிகப் பெரிய கேடு. காலியான கட்டத்தைப் பின்னால் பார்க்கிறவருக்கு, பூச்சி இல்லையா ஆள் இல்லையா என்று தெரியாது. பூச்சி பஞ்சமான மே, ஜூன் மாதங்களில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். அந்தச் சைபர்கள் இல்லாமல் நவம்பர் எண்ணுக்கு அர்த்தமில்லை.

6. பிறகு படம்

நேரம் முடிந்ததும் போனை எடுங்கள். பெயர் தெரியாதவற்றுக்கு முதலிடம்.

தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று எடுத்துக்கொண்டே நெருங்குங்கள். பறந்துவிட்டாலும் முதல் படம் மிஞ்சும். உங்கள் நிழல் பூச்சிமேல் விழாத பக்கமாகப் போங்கள். நிழல் பட்டதும் கிளம்பிவிடும். முகத்தருகே போனைக் கொண்டுபோவதைவிட அரை மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைப்பது நல்ல பலன் தரும்.

சிறகின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டும் வேண்டும். சிறுநீலங்களுக்கும் மஞ்சள் புல்வெளிப் பூச்சிகளுக்கும் அடிப்பக்கம் இல்லாமல் பெயர் சொல்ல முடியாது. விரித்த சிறகின் நீலம் அழகாக இருக்கும், அடையாளத்துக்கு உதவாது.

முட்டை, புழு, கூட்டுப்புழு கிடைத்தால் அதையும், அது இருந்த செடியின் இலையையும் சேர்த்து எடுங்கள். செடி தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி. எலுமிச்சை அழகியின் இளம்புழு பறவை எச்சம் போலவே இருக்கும்; வளர்ந்த பிறகுதான் பச்சையாகும். எச்சம் என்று துடைத்து எறிந்துவிடாதீர்கள்.

7. பெயர் வைத்தல்: இங்கே ஏமாற்றும் ஜோடிகள்

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். நுனி தடித்து உருண்டிருந்தால் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி. இழை போலவோ இறகு போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. பகலில் பறப்பவையும் உண்டு.

கறிவேப்பிலை அழகியின் பெண் மூன்று உருவில் வரும். ஒன்று ஆணைப் போல. மற்றொன்று ரோஜா அழகியைப் போல, மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல. ரோஜா, சிவப்புடல் இரண்டும் ஈஸ்வரமூலி தின்று வளர்ந்து நஞ்சேறியவை, பறவைகள் தொடாது. அந்தப் பாதுகாப்பை வேடம் போட்டுப் பெறுகிறது கறிவேப்பிலை அழகி. சிறகைப் பார்த்தால் ஏமாறுவீர்கள். உடலைப் பாருங்கள்: சிவப்பு உடல் என்றால் ரோஜாவோ சிவப்புடலோ; கறுப்பு உடல் என்றால் கறிவேப்பிலை அழகி.

வெந்தய வரியனைப் பெண் டேனைட் எக்ஃபிளை நகலெடுக்கும். பின்சிறகைப் பாருங்கள். பெண் வெந்தய வரியனுக்கு நடுப்பகுதியில் மூன்று கறும்புள்ளி, ஆணுக்கு நான்கு. எக்ஃபிளைக்கு முன்விளிம்பருகே ஒன்றே ஒன்று. ஆண் எக்ஃபிளை முற்றிலும் வேறு: கறுப்பில் பெரிய வெள்ளைப் பொட்டுகள், சுற்றிலும் ஊதாப் பளபளப்பு. அதனால் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எழுதிவிடுவதும் நடக்கிறது.

எமிகிரன்ட்களில் காமன், மாட்டில்ட் இரண்டையும் பறக்கும்போது பிரிக்க முயல வேண்டாம். உட்கார்ந்தால், அடிச்சிறகு முழுதும் மெல்லிய கீற்றுகள் படர்ந்திருந்தால் மாட்டில்ட். சிறு மஞ்சள் பூச்சிகளை எல்லாம் 'காமன் கிராஸ் யெல்லோ' என்று எழுதுவது இன்னொரு பழக்கம். அவற்றிலும் பல இனம் உண்டு. படம் இல்லாவிட்டால் 'யூரீமா' என்ற பேரினத்தோடு (நெருங்கிய இனங்களின் தொகுதி) நில்லுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் பட்டியலுக்குப் பட்டியல் மாறுகின்றன. நோட்டில் எது வேண்டுமானாலும் எழுதுங்கள், தேடும்போதும் பதிவேற்றும்போதும் அறிவியல் பெயரைக் கொண்டு சரிபாருங்கள். 'பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் இந்தியா' இணையதளத்தில் இனவாரியாக மேல்பக்க, அடிப்பக்கப் படங்கள் உள்ளன.

8. பதிவேற்றம்

படங்களை ஏற்ற ஐ-நேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல். இரண்டும் உயிரினப் பதிவுகளுக்கான இணையதளங்கள். ஐ-நேச்சுரலிஸ்டில் செய்ய வேண்டிய வரிசை இது.

ஒரு பூச்சிக்கு ஒரு பதிவு. ஒரே பூச்சியின் பல கோணங்களை ஒரே பதிவில் சேர்க்கலாம். ஐந்து பூச்சியை ஒரே பதிவில் போட்டால் யாராலும் பெயர் உறுதி செய்ய முடியாது.

தேதியும் இடமும் சரியா என்று பாருங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பி வாங்கினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். வீட்டில் வேறொருவர் போனில் எடுத்ததை வாங்க வேண்டுமானால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். குழுக்களில் சுற்றும் அடுத்தவர் படத்தை உங்கள் பதிவாக ஏற்றாதீர்கள்.

வீட்டு முகவரி தெரிந்துவிடுமோ என்று பலர் இடத்தை மறைக்கும் வசதியை அழுத்துகிறார்கள். அது உங்கள் புள்ளியை 0.2 பாகைக் கட்டம் ஒன்றுக்குள் எங்காவது வைக்கும், அதாவது 22 கிலோமீட்டர் அளவுக்கு. பாம்பனுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுகூடத் தெரியாமல் போகும். அதைவிட, பக்கத்து முச்சந்தியில் புள்ளியை வைத்து, உங்கள் வீடும் அடங்கும்படி துல்லிய வட்டத்தை 300 அல்லது 500 மீட்டராக விரியுங்கள். வீடும் தெரியாது, தரவும் கெடாது.

செயலி தானாகச் சொல்லும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். இந்தப் பகுதியில் இருக்கும் இனமா என்று பரவல் வரைபடத்தைப் பாருங்கள். சந்தேகம் என்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள், மற்றவர்கள் நுணுக்குவார்கள். அதேபோல, யாரோ பெயர் சொன்னார் என்பதற்காக 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தாதீர்கள். இருவர் ஒத்துப்போனாலே பதிவு ஆய்வுத் தரத்துக்கு, அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத்தக்க நிலைக்கு, ஏறிவிடும். நீங்கள் மரியாதைக்கு அழுத்தியது இன்னொரு சான்றாகக் கணக்காகும்.

டப்பாவில் வளர்த்துப் பறக்கவிட்ட பூச்சியைக் காட்டுப்பூச்சியாகப் பதியக்கூடாது. புழுவைச் செடியில் பார்த்த நாளே பதிவுக்கான நாள். நட்டு வளர்த்த செடியைப் பதிந்தால் 'வளர்க்கப்பட்டது' என்று குறியுங்கள்.

உரிமத்தைத் தொடாமல் விட்டால் வணிகமற்ற பயன்பாட்டுக்கான பொது உரிமத்தில் இருக்கும். ஆய்வுத் தரப் பதிவுகள் அந்த நிலையில் ஜிபிஃப் என்ற உலகத் தரவுக்கிடங்குக்குப் போகும். 'எல்லா உரிமையும் எனக்கே' என்று மாற்றினால் போகாது.

9. மாதக் கணக்கு

ஐ-நேச்சுரலிஸ்டில் ஏறுவது படங்கள். பதினைந்து நிமிட எண்ணிக்கை உங்கள் நோட்டிலும், அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த அட்டவணையிலும்தான் இருக்கும். ஒரு வரிக்கு ஓர் இனம், ஒரு தேதி, ஓர் எண் என்று உள்ளிடுங்கள். ஒரே கட்டத்துக்குள் மூன்று பெயரை அடைத்தால் பின்னால் கணினியால் கூட்ட முடியாது.

மாதங்களை ஒப்பிடும்போது மொத்தத்தை ஒப்பிடாதீர்கள். நவம்பரில் 5 தடவை எண்ணி 25, டிசம்பரில் 3 தடவை எண்ணி 24 என்றால், மொத்தம் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு தடவைக்கு 5 என்பது 8 ஆகக் கூடியிருக்கிறது.

10. வலசை நாட்களில்

இந்தக் கரையில் சில நாட்களில் மேலே சொன்ன முறை உதவாது. நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், எமிகிரன்ட், சிவப்புடல் அழகி ஆகியவை கூட்டமாக இடம்பெயரும். சிவப்புடல் அழகி கடலைக் கடந்து இலங்கைப் பக்கம் போவது நெடுநாளாக அறியப்பட்டது. பூவைப் பார்த்தும் நிற்காமல், வீட்டைச் சுற்றாமல் கூரைக்கு மேலேறித் தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் போனால் அது வலசை.

அன்று இரண்டு பனைகளுக்கு இடையே, அல்லது மின்கம்பத்துக்கும் வீட்டு மூலைக்கும் இடையே, ஒரு கற்பனைக் கோடு வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தை அளந்து எழுதுங்கள். 20 மீட்டர் வசதியான அளவு. 5 நிமிடத்தில் அந்தக் கோட்டைக் கடப்பவற்றை எண்ணுங்கள். இங்கே ஒவ்வொன்றையும் கூட்ட வேண்டும், ஏனெனில் போனது திரும்புவதில்லை. எதிர்த்திசையில் வருபவற்றைத் தனி வரியில் எழுதுங்கள். பெயர் தெரியும் அளவுக்குத் தாழப் பறப்பவை எத்தனை, தெரியாமல் போனவை எத்தனை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்; வேகம் எப்போது கூடி எப்போது அடங்குகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். போகும் திசையைப் போனின் திசைகாட்டியில் பாகையாக எடுங்கள். இரும்புக் கதவு, பைக் பக்கத்தில் நின்று எடுத்தால் முள் பிசகும்.

வாராந்திர எண்ணிக்கை அதே நாளில் வந்தால் அதையும் வழக்கம்போல 15 நிமிடம் செய்யுங்கள். கடந்துபோகும் கூட்டத்தை அதில் சேர்க்காமல், 'வலசை நாள்' என்று ஓரத்தில் குறித்து, வலசை எண்ணிக்கை உள்ள பக்கத்தின் எண்ணைக் கொடுங்கள்.